சுவரில் அழுத பெண்

6 ஜூலை 2024

மகள் காமினி என்னை ஃபெரியில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்குக் கூட்டிப் போனாள். கலைவிழாவாம். பழைய கிடங்கின் வெளிச்சுவரில் படம் காட்டுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் சுவர் முழுக்க என் முகம். பத்தொன்பது வயது. அழுகிறேன்.

1986-இல் இங்கேயே எடுத்த, நான் நடித்த சினிமா. நான்கு நாள் ஓடியது. பிறகு கல்யாணம். "அந்தப் பேச்சே வீட்டுல வேணாம்" என்றார் கணவர். அவர் போய் ஆறு வருடம் ஆகியும் நான் வாய் திறக்கவில்லை. மகளுக்குத் தெரிந்த அம்மா, பிறை ஊர்த் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள்.

ஓரத்தில் ஓர் அட்டை: 'மறதியின் உடல். ஆக்கம்: ராம்நாத். காட்சியில்: அடையாளம் தெரியாத நடிகை.'

"பாவம்மா, யாரோ" என்றாள் காமினி.

ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

7 ஜூலை

ஆறு நொடி அழுகையை நாற்பது நிமிடத்துக்கு இழுத்திருக்கிறான். வசனம் போய்விட்டது, அதற்குப் பதில் கெட்டுப்போன ஃபிரிட்ஜ் மாதிரி ஓர் இரைச்சல். படத்தில் அழுது முடித்ததும் மாமனாரை வாங்கு வாங்கென்று வாங்குவேன். காட்சியே அதுதானே?

10 ஜூலை

தனியாகப் போனேன். ராம்நாத்துக்கு முப்பது வயது இருக்கும். கறுப்புச் சட்டை. நான்தான் அது என்றதும் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். கண் கலங்கியது — அவனுக்கு.

"லோகேஸ்வரின்னு பேரு போடுங்க தம்பி."

"பேரு போட்டா மிஸ்டரி போயிடும் லா, அக்கா. காணாமப் போனவங்கன்னாதான் ஜனங்களுக்கு வலிக்கும்."

அக்கரையில், பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறேன் என்றேன். அதுவும் வேண்டாமாம். செத்திருந்தால் அவனுக்கு இன்னும் வசதி.

13 ஜூலை

இன்றோடு காட்சி முடிகிறது. காமினியிடம் ஒன்றும் சொல்லாமல் கூட்டிப் போனேன். என் முகம் சுவரில் வந்ததும் எழுந்து முன்னால் போய் நின்றேன். வாய் திறந்தேன்.

"இந்த வீட்டுல வாயில்லா ஜீவன் மாடு மட்டுந்தான் மாமா. அதையும் வித்துட்டீங்க."

முழு வசனமும் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும். ராம்நாத் இரைச்சலை நிறுத்திவிட்டான். கலைக்குப் பேரிழப்பு.

திரும்பும்போது ஃபெரியில் காமினி கேட்டது ஒன்றுதான்: "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கரை வந்ததும் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

21 ஜூலை

ராம்நாத் கூப்பிட்டான். அடுத்த காட்சி ஈப்போ நகரிலாம். "நீங்க பேசினது ஒரு லைவ் இண்டர்வென்ஷன், அக்கா." திட்டுவதற்கு இப்படியொரு பெயர் இருப்பது இத்தனை நாள் தெரியவில்லை. அட்டையில் என் பெயர் இருந்தால் வருகிறேன் என்றேன். பெரிய எழுத்திலேயே போடுகிறானாம்.

படத்தில் மாமனார் திருப்பிப் பேசும் வசனம் கிடையாது. காமினி தானே ஒன்று எழுதிவிட்டாள், மாமனாராக அவளும் வருகிறாளாம். மத்தியானம் சமையலறையில் ஒத்திகை பார்த்தோம். என்னைவிட நன்றாகத் திட்டுகிறாள்.