அண்ணன் கொண்டுவந்த கடல்

ஞாயிறு. வெளியே இன்னும் மழை.

தங்கா பத்து கடற்கரையிலிருந்து அண்ணன் இன்று கடலையே காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பெரிய பிளாஸ்டிக் தோங் நிறையக் கடல் தண்ணீர். என் புது கடல்மீன் தொட்டிக்காம்!

“கடல் பக்கத்துலயே இருக்கு, நீ பாக்கெட் உப்பக் கலக்கிக்கிட்டு இருக்கியே லா!” என்று சிரித்தார்.

மூடியைத் திறந்ததுமே நாற்றம் வந்தது. சோதனைக் குழாயில் கொஞ்சம் பிடித்து மருந்தைச் சொட்டினேன். மீனைக் கொல்லும் அம்மோனியா இல்லாத தண்ணீர் மஞ்சளாக நிற்கும். இது கரும்பச்சையாகிவிட்டது.

“வேணாண்ணே. மழை பேஞ்சா ஊரு லோங்காங் சாக்கடைத் தண்ணியெல்லாம் அங்கதான் இறங்குது. இத ஊத்துனா நான் விடப்போற மீனு செத்துரும்.”

“அந்தக் கடல் மீனத்தானே நீ குழம்பு வைக்கிற? அது மட்டும் ஆகுமா?”

என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். நான் தொட்டிக்கு முன்னால் நகராமல் நின்றேன். அண்ணன் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். தோங் இரண்டும் வாசலில் கிடக்கின்றன.

கோபித்துக்கொள்ளட்டும். வாரக்கணக்காக ஒரு மீன்கூட விடாமல் வெறும் கல்லையும் தண்ணீரையும் காத்துக்கொண்டிருப்பவள் நான். என் தொட்டித் தண்ணீர் மஞ்சள் காட்டும்வரை யாருக்காகவும் அவசரப்பட மாட்டேன்.

படுத்த பிறகுதான் அண்ணன் கேள்விக்குப் பதில் வந்தது. எழுந்து விளக்கைப் போட்டு எழுதுகிறேன். விடிந்ததும் போன் போட்டுச் சொல்லியே தீருவேன்:

“குழம்புக்கு வர்றது செத்த மீனுண்ணே. என் தொட்டியில அது உயிரோட இருக்கணும்.”