அம்மாவின் கடிதங்களைப் பிரித்தது

செவ்வாய், மார்ச் 14, மாலை ஐந்தரை

அண்ணா,

தப்பு என்னுடையதுதான். கல்லூரியில் இலக்கியப் பாடம் நடத்திய காலம் முழுக்க அம்மா, கடிதம் வந்தால் அன்றைய பாடக்குறிப்புக்குள்ளேயே செருகி வைத்திருக்கிறாள். நான் ஆவணப் பராமரிப்பு மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி கடிதங்களை ஒரு பெட்டியிலும் பாடக்குறிப்புகளை இன்னொன்றிலும் பிரித்துவிட்டேன். அப்பா வெளியூரிலிருந்து எழுதியது எதிலும் தேதி கிடையாது. எந்தப் பாடத்துக்குள் இருந்தது என்பதை வைத்துத்தான் தேதி தெரிந்திருக்கும்.

அம்மாவின் தாள்களை நூலகத்துக்குக் கேட்டிருந்த நூலகர் இன்று வந்தார். "எது எதுக்குள்ள இருந்துச்சுன்னு குறிச்சு வச்சீங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எங்களால எடுத்துக்க முடியாதும்மா" என்று கிளம்பிவிட்டார்.

"ஒழுங்குபடுத்துறேன்னு எல்லாத்தையும் குழப்பிடாதடி" என்று நீ அன்றே சொன்னாய். அதற்கு நான்தான் இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியை மாடி வீட்டு அக்காவிடம் கொடு.

பி.கு. மடிப்புத் தடத்தையும் குண்டூசித் துருக்கறையையும் வைத்துப் பொருத்திப் பார்த்தேன். நாற்பத்திரண்டு கடிதங்களில் மூன்றுதான் சேர்ந்தன. அதிலும் ஒன்று சந்தேகம்.

வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி செய்கிறோம், புது வீட்டில் கடிதப் பெட்டிக்கு மட்டும்தான் இடம். நாளை காலை பத்து மணிக்குப் பழைய பேப்பர்காரர் வருவார். நீ வேலைக்குப் போ. பாடக்குறிப்புகளை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.