கமாவுக்குப் பின்னால் விடுபட்ட மருந்து

அன்புள்ள அப்பாவுக்கு, அமலாவின் வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா?

புனேயில் நான் நலம், எரிச்சல்தான் தீரவில்லை. மருத்துவமனைக்காக நாங்கள் செய்யும் செயலியில், நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகளைத் தனித்தனி வரியாகச் சேமிக்கலாம் என்றேன். மேலாளர் மணிமாறன், நம் திண்டிவனத்துக்காரர், "ஒரே கட்டத்துல கமா போட்டு எழுதிக்கினு போம்மா, ஜல்தியா முடியும்" என்றார். ஒரு நோயாளிக்குக் கட்டம் நிறைந்து, கடைசி மருந்தின் பெயர் பதிவாகாமல் போனது. அந்த மருந்தையே ஊசியாகப் போட வந்திருக்கிறார்கள். அவர் மனைவி தடுத்ததால் பிழைத்தார், பயப்படாதீர்கள். மணிமாறனோ, "நீ அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்கிறார்! இப்போது எல்லாவற்றையும் நான்தான் மாற்றி எழுதுகிறேன்.

வறுத்த மல்லாட்டை கொஞ்சம் அனுப்புங்கள், இங்கே கிடைக்கும் வேர்க்கடலையில் நம்மூர் ருசி இல்லை. அம்மாவைப் போன் பண்ணச் சொல்லுங்கள். வேலையைப் பற்றிக் கேட்க வேண்டாம், சும்மா பேசினால் போதும்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

அமலா