சங்கத்துக்குக் கொடுத்த எண்ணெய்

1937 ஆகஸ்டு 1, ஞாயிறு

கடை பாதி நாள். காலை ரயிலில் ஆணிப் பெட்டி இரண்டு வந்தது. ஒன்று வாய் பிளந்திருந்தது. ஸ்டேஷனில் ஒரு மூச்சுச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். மத்தியானம் சங்கம்.

சரக்கு வைக்கிற கிட்டங்கியின் பின்கட்டைச் சித்திர வேலைச் சங்கத்துக்கு விட்டு இந்த ஆவணியோடு இரண்டு வருஷம். பெயிண்டு விற்கிறவன் பெயிண்டு அடிக்கிறவர்களுக்கு இடம் கொடுத்தால் வியாபாரத்துக்கு நல்லது என்றுதான் கொடுத்தேன். எண்ணெயும் வர்ணப் பொடியும்கூடச் சும்மாதான் கொடுக்கிறேன். இப்போது என்னவென்றால் திங்கட்கிழமையே அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்கிறேன்.

பதினொரு பேர். டிராயிங் மாஸ்டர் காந்திமதிநாதன் காரியதரிசி, கோடு அவருடையது. நெசவுக்கார அகமது கபீர் பூவும் கொடியும் போடுவான். வர்ணம் கலப்பது உச்சிமாகாளி. ரயிலடியில் மூட்டை தூக்குகிறவன். பொடியையும் எண்ணெயையும் கல்வத்தில் விட்டு அவன் அரைத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும். மாஸ்டரும் அவனும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காருகிறார்கள். இந்த ஊரில் வேறெங்கே நடக்கும்?

எனக்குக் கை வராது. இன்று ஒரு தகர மூடியில் இலை போட்டேன். கபீர் பார்த்துவிட்டு, "கரண்டி நல்லா வந்திருக்கு அண்ணாச்சி" என்றான். துடைத்துவிட்டேன்.

ஆகஸ்டு 8, ஞாயிறு

எல்லோரும் குற்றாலம். நல்ல சாரல். அருவியில் குளித்துவிட்டுச் சித்திர சபைக்குப் போனோம். மாஸ்டர் சுவரில் தீட்டியிருக்கிற கொடிகளைத் தாளில் பார்த்துப் போட்டுக்கொண்டார். உச்சிமாகாளி ஒரு பச்சையின் முன்னால் நின்றவன் அரை மணி நேரம் நகரவில்லை. கூப்பிட்டால், "இருங்க அண்ணாச்சி, இப்பத்தான் பிடிபடுது" என்கிறான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, துவட்டவில்லை.

ஆகஸ்டு 15, ஞாயிறு

குத்துக்கல்வலசை சுடலையாண்டி வந்தார். செப்டம்பர் ஒன்பதாம் தேதி மகள் நாச்சியாருக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீடு வீரகேரளம்புதூர். பெண் ஏறி வருகிற வில்வண்டியைச் சங்கம் வர்ணம் தீட்டித் தர வேண்டுமாம். வெளியாள் ஒருவர் நம்மை நம்பிக் கொடுக்கிற முதல் பெரிய வேலை. உள்பக்கத்தில் கொடி, கொடியில் கிளி என்று மாஸ்டர் அங்கேயே சொல்லிவிட்டார்.

ஆகஸ்டு 17, செவ்வாய்

வண்டிக்கு ஒரு டின் ஆளிவிதை எண்ணெய் அனுப்பினேன். கால் பங்கு மலிவான கடலை எண்ணெய் சேர்த்துத்தான். எப்போதும் சங்கத்துக்குக் கொஞ்சம் சேர்ப்பதுதான். இந்தத் தடவை அளவு சற்றுக் கூடிவிட்டது. சும்மா கொடுப்பது. கொஞ்சம் தாமதமாகக் காயும், அவ்வளவுதானே.

ஆகஸ்டு 29, ஞாயிறு

வண்டி முடிந்தது. உள்ளே நாலு கிளி. அந்தச் சித்திர சபைப் பச்சையை உச்சிமாகாளி கொண்டுவந்தே விட்டான். கபீர் எழுந்து போய்த் தள்ளி நின்று பார்த்தான். நானும் ஒரு வேலை செய்தேன்: அச்சுக்குக் கறுப்பு அடித்தேன்.

செப்டம்பர் 9, வியாழன்

என்னத்த எழுத. வீரகேரளம்புதூரில் கலியாண வீட்டு வாசலில் வண்டி நின்றது. பெண்ணை இறக்குகிறார்கள், இறங்கவில்லை. முதுகு பலகையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். வந்தாள் — கலியாணப் பட்டின் முதுகில் பச்சைக் கொடியும் முக்கால் கிளியும்.

விரலால் தொட்டபோது காய்ந்துதானே இருந்தது. மூன்று மணி நேரம் சாய்ந்து வந்த உடம்புச் சூட்டில் இளகிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "சீர் வருதோ இல்லியோ, பொண்ணு கிளியோட வந்துட்டா." ஒரு கிழவி, சகுனம் சரியில்லை என்று உரக்கவே சொன்னாள். சுடலையாண்டி என்னைப் பார்த்த பார்வை — இல்லை, என்னைப் பார்க்கவில்லை. மாஸ்டரைப் பார்த்து, "வர்ணம் கலந்தவன் எவன்?" என்றார்.

தாலி கட்டி முடிந்தது. அது மட்டும் நல்லபடி.

செப்டம்பர் 10, வெள்ளி

தங்கத்தாய் பெட்டியில் மடிப்புக் கலையாத பட்டு ஒன்று இருந்தது. கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டு, "சங்கத்துல பதினோரு பேரு இருக்காவ. நீங்க மட்டும் எதுக்குச் சேலையத் தூக்கிட்டு ஓடுதீங்க?" என்றாள். முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணினவள். சேலையோடு படி இறங்கினேன்.

சுடலையாண்டி சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எவனோ செய்த தப்புக்கு நீர் வந்து நிற்கிறீரே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைவீதியிலும் அதே பேச்சு. குற்றாலிங்கம் மாதிரி மனுஷன் உண்டா என்று. இதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

செப்டம்பர் 12, ஞாயிறு

கூட்டம். இனி உச்சிமாகாளி கல்வத்தைத் தொடக் கூடாது என்று நாலைந்து பேர் சொன்னார்கள். மாஸ்டருக்கு மனசில்லை; ஆனாலும் கொஞ்ச நாளைக்கு அவன் ஒதுங்கி இருக்கட்டும் என்றார். உச்சிமாகாளி எழுந்தான். கல்வத்தைக் கழுவினான், கவிழ்த்து வைத்தான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாய்க்கு என்ன கேடு?

சொன்னால் என்ன ஆகும்? கலப்படக்காரன் என்று கடைக்குப் பெயர் வரும். உப்பு மூட்டை சுமந்து, கைவண்டி தள்ளி, இருபது வருஷத்தில் எடுத்த பெயர். சங்கமும் போகும். அதில் எது பெரிது என்று என்னையே கேட்டேன். சங்கம் என்று மனசு சொன்னது எனக்கே புதிது.

செப்டம்பர் 14, செவ்வாய்

ரயிலடியில் உச்சிமாகாளியைக் கண்டால் மற்ற கூலிக்காரர்கள் கிளி மாதிரிக் கத்துகிறார்களாம்.

செப்டம்பர் 16, வியாழன்

உச்சிமாகாளி கடைக்கு வந்தான். மடியிலிருந்து துட்டை எடுத்துப் பலகையில் வைத்தான். அரைக்கால் படி எண்ணெயும் கொஞ்சம் பச்சைப் பொடியும் வேண்டுமாம்.

எதற்கு என்றேன்.

"அன்னைக்குக் கலந்த மாதிரியே ஒரு பலகையில அடிச்சுப் பாக்கப் போறேன் அண்ணாச்சி. என் கையில எங்கன தப்புன்னு எனக்குத் தெரியணும்லா."

தன் தப்பென்றே நம்பிவிட்டான்!

உள்ளே போனேன். இரண்டு டின் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. கலந்ததில் மிச்சம் ஒன்று, நல்லது ஒன்று. கலந்ததைக் கொடுத்தால் பலகை காயாது. தன் கைதான் கெட்டது என்று சாகிறவரை நம்புவான். என் பாடு நிம்மதி. நல்லதைக் கொடுத்தால் காய்ந்துவிடும். அப்புறம் யோசிப்பான்.

நல்லதைத்தான் ஊற்றிக் கொடுத்தேன். மனசு மாறிக் கொடுத்தேன் என்று இங்கே எழுதினால் பொய். துட்டு கொடுத்து வாங்க வந்தவனுக்கு மோசமானதைக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. கை அதுவாகவே நல்ல டின்னுக்குப் போய்விட்டது.

செப்டம்பர் 21, செவ்வாய்

பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். என் முன்னால் தன் வெள்ளைத் துண்டால் அழுத்தித் தேய்த்துக் காட்டினான். ஒரு பொட்டுப் பச்சை இல்லை. சிரித்தான், பத்து நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

"அப்ப சாரல்தான் அண்ணாச்சி நம்மளக் கெடுத்திட்டு."

சாரல். எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? சாரல் ஈரத்தில் வர்ணம் காயவில்லை என்றால் யாருக்கும் பொல்லாப்பு இல்லை. அது திரும்பி வந்து கேட்கப் போவதும் இல்லை. ஆமாம், சாரல்தான் என்றேன். இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 26, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

உச்சிமாகாளி பலகையோடு சங்கத்துக்கு வந்து வாசலில் நின்றான். மாஸ்டர் உள்ளே கூப்பிட்டார். பலகையை எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். சாரல்தான் காரணம் என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுத மாஸ்டர் பேனாவையும் எடுத்துவிட்டார். அப்போது கபீர், "சாரல் அடிக்கும்போது எப்படிக் கலக்கணும்னு கலக்குதவனுக்குல்லா தெரியணும்?" என்றான். குறும்பாகச் சொல்லவில்லை, வேலைக்காரன் கேட்கிற கேள்வி. நாலு பேர் தலையை ஆட்டினார்கள். உச்சிமாகாளி பலகையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டான்.

மறுபடியும் அவன் தலையில்தான் விடியப் போகிறது.

"சாரல் இல்ல" என்றேன். "எண்ணெய். கால் பங்கு கடலை எண்ணெய் நாந்தான் கலந்தேன்."

மாஸ்டர் பேனாவை மூடவில்லை. கடையில் விற்பதிலுமா என்று கேட்டார். இல்லை, சங்கத்துக்குக் கொடுப்பதில் மட்டும் என்றேன். கடைப் பெயரைக் காப்பாற்றுகிற பதில்தான் அது. சொன்ன பிறகுதான் தெரிந்தது, அதைவிடக் கேவலமான பதில் கிடையாது.

உச்சிமாகாளி கேட்டான்: "அன்னைக்கு எனக்கு ஊத்துனது?"

"நல்லது."

"அது ஏன்?"

"நீ துட்டு குடுத்தே."

"சும்மா வாங்குனதுக்குத்தான் இதுவா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். எழுந்து போய்க் கவிழ்த்திருந்த கல்வத்தை நிமிர்த்தி, தூசியை ஊதினான்.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. நான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து தங்கத்தாயிடம் சொன்னேன். "சேல போன அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள்.

செப்டம்பர் 27, திங்கள்

சுடலையாண்டியிடமும் போய்ச் சொன்னேன். கேட்ட கேள்விகளை எழுத முடியாது. கடைசியில் சொன்னது: "ஆளு விடப்பிடாது வே. வண்டிய நீரே வந்து நீரே சுரண்டணும்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு நடை இலேசாக இருந்தது. வழியில் இரண்டு பேர் பார்த்தும் பேசாமல் போனார்கள். போகட்டும்.

அக்டோபர் 3, ஞாயிறு

குத்துக்கல்வலசையில் மாட்டுத் தொழுவத்துக்கு முன்னால் வண்டியைச் சுரண்டினேன். ஊர்ப் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். பசை பசையாக வந்தது. உச்சிமாகாளி பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து மேற்பார்வை. "அங்கன இன்னும் இருக்கு அண்ணாச்சி. மூலையில. நகத்தால எடுங்க."

நாச்சியார் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கினேன். அவளாகவே பேசினாள். "அந்தக் கிளிய அதே எடத்துலயே போடச் சொல்லுங்க. எங்க அத்த பாக்கணும்னு சொல்லுதாவ." மாமியார் வீட்டில் அவளுக்கு இப்போது கிளி என்றுதான் பெயராம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். சகுனம் பார்த்த கிழவிதான் முதலில் அப்படிக் கூப்பிட்டதாம்.

மோரை முழுக்கக் குடித்துவிட்டு மூலையைச் சுரண்டினேன்.

அக்டோபர் 10, ஞாயிறு

ஆயுத பூசைக்கு முன்னால் வண்டி வேண்டும் என்று பதினொரு பேரும் உட்கார்ந்தோம். வெயில் நன்றாக இருந்தது. நான் மறுபடியும் அச்சு.

அக்டோபர் 17, ஞாயிறு

சுடலையாண்டி வெளுத்த சட்டையோடு வண்டிக்குள் ஏறி, சாய்ந்து, வெற்றிலை போட்டு முடிகிறவரை உட்கார்ந்தார். இறங்கி எங்களுக்கு முதுகைக் காட்டினார். வெள்ளை.

அக்டோபர் 31, ஞாயிறு

நகரத்தில் ஒரு வீட்டுக்குத் தொட்டில் வேலை வந்திருக்கிறது. இரண்டு டின் எண்ணெய் நானே தூக்கிக்கொண்டு போய்ச் சங்கத்தில் வைத்தேன். உச்சிமாகாளி இரண்டையும் திறந்தான். மோந்தான், விரலில் தொட்டுத் தேய்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒன்றைக் கல்வத்தின் பக்கம் நகர்த்தினான். இன்னொன்றை என் பக்கம் தள்ளி, "இது வேண்டாம் அண்ணாச்சி" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இரண்டும் ஒரே பீப்பாயில் பிடித்தது, மோந்தவனுக்கும் அது தெரியும். நல்ல எண்ணெய்.

சரி என்று சொல்லி, மூடியை இறுக்கி, கடைக்குத் திருப்பித் தூக்கி வந்தேன். வேறு டின் கொண்டுபோனேன். அதையும் மோந்து பார்த்தான். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, ஜமுக்காளத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டான்.