மழை வருஷத்துப் போத்தல்

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அம்புறோஸ் அண்ணாவுக்கு,

தங்கை கத்தரீனா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? உங்கள் மகளின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. போனில் சொன்னால் இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும் என்றுதான் படங்களோடு கடிதமும் வைக்கிறேன்.

முதலில் போத்தல் கதை. நீங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போன வருஷம், அங்கே வேலை பார்த்த தோட்டத்தில் விடாத மழையில் திராட்சையெல்லாம் அழுகி, தேறிய பழத்தைப் பொறுக்கிச் செய்த ஷிராஸ் வைன். "நான் வர முடியாவிட்டால் றேணுகா கல்யாணத்தில் என் இடத்தில் இதை வையுங்கள்" என்று கொடுத்தனுப்பினீர்களே. இத்தனை காலமும் அலுமாரியில், என் புடவைகளுக்கு அடியில் படுக்க வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை ரொஹானின் சித்தப்பா கண்டியில் ஹோட்டல் பாரில் வேலை செய்கிறார். போன வாரம் போத்தலைப் பார்த்துவிட்டு, "பழைய வைன் சேத்து வைக்கிறவங்க இதுக்கு உயிரையே குடுப்பாங்க. ஆனா மழை வருஷத்துச் சரக்கு, புளிச்சு வினாகிரியா போயிருந்தாலும் போயிருக்கும்" என்றார். "அவரு அனுப்புனது வேற எப்படி இருக்கும்" என்று றேணுகா எழுந்து போய்விட்டாள். அண்ணியின் அடக்கத்துக்கும் நீங்கள் வரவில்லை என்ற கோபம் அவளுக்கு ஆறவே இல்லை. விசா சரியாகாமல் கிளம்பினால் திரும்பிப் போக முடியாது என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறாது. நீங்கள் போன் எடுத்தால் என் பக்கம் தள்ளிவிடுவாள், உங்களுக்கே தெரியும்.

கல்யாணப் பூசையில் காணிக்கைப் பவனிக்குப் பழத்தட்டும் ஒரு வைன் போத்தலும் பெண் வீட்டார் கொண்டுபோவது வழக்கம்தானே. அதற்கென்று கடையில் வாங்கியதை மேசையிலேயே வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர், நம் வீட்டு மகாராசா, அதை விட்டுவிட்டு, அலுமாரியைத் திறந்து உங்கள் போத்தலுக்கு ரிப்பன் கட்டி எடுத்து வந்திருக்கிறார்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பீடத்துக்கு நடந்தபோதுதான் கண்டேன். பூசை நடுவில் கையைப் பிடித்து இழுக்க முடியுமா? ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

கேட்டது யார் தெரியுமா? பூசை முடிந்ததும் றேணுகா கல்யாணச் சேலையோடு நேரே பூசை வைத்த சுவாமியிடம் போனாள். "அது எங்கப்பா அனுப்புனது சுவாமி. அது இல்லாம நான் மண்டபத்துக்குப் போகமாட்டேன்" என்றாளாம். சுவாமி சிரித்து, பூசைக்கு வேறு வைன் இருக்கிறது என்று கொடுத்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது, அண்ணா.

மண்டபத்தில் திறந்தபோது தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்தது. தேத்தண்ணி வடியில்தான் வடித்தோம். சித்தப்பா முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு! அருமையா இருக்கு!" என்று கத்தியே விட்டார். எனக்கு நாவற்பழம் போலத் துவர்த்தது. உங்களுக்கென்று போட்ட கதிரைக்கு முன்னால் முதல் கிளாஸை வைத்தோம். கடைசியில் அதை றேணுகாதான் எடுத்துக் குடித்தாள். குடித்துவிட்டு ஒரு பாட்டம் அழுதாள்.

நேற்று ரொஹானோடு கம்பளைக்குக் கிளம்பும்போது, "அவரு போன் எடுத்தா பேசுறேன்னு அப்பாவுக்கு எழுதுங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெற்றுப் போத்தலையும் கொண்டுபோய்விட்டாள்.

அவளுடைய புது நம்பரைப் படத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன். தயங்காமல் எடுங்கள், அண்ணா. அவள் போனைத் தள்ளிவிட இனி நான் பக்கத்தில் இல்லை.

மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

அன்புத் தங்கை,
கத்தரீனா