செம்மொழி செய்த இன்டர்கூலர்

செம்மொழி,

அறுப்பு மெஷின் வந்துடுச்சு, வயலுக்குப் போறேன். இட்லி மூடி வச்சிருக்கு. கார் சாவி காலண்டர் ஆணியில.

கார் எஞ்சின்ல டர்போ விடுற சூட்டுக் காத்தை ஆத்துறதுக்கு நீயே செஞ்ச இன்டர்கூலரை, "கண்டிப்பா ஒழுகும், கடையில வாங்கிப் போடு"ன்னு நேத்து சொல்லிட்டேன். காலையில உனக்குத் தெரியாம ரெண்டு வாயையும் அடைச்சு, காத்தடிச்சு, பஞ்சர் பாக்குற மாதிரி மோட்டார் தொட்டியில முக்கிப் பாத்தேன். ஒரு குமிழி வரல. நம்ம டிராக்டருக்கு வெல்டிங் வச்ச யாரும் இவ்வளவு சுத்தமா வச்சதில்லம்மா.

ஈரம் காஞ்சப்புறம் மாட்டு.

திருவாரூர் ரோடு பூரா நெல்லு காயுது, பதரு இன்டர்கூலர்ல போய் அடைச்சுக்கும். முன்னாடி கட்ட வலை வெட்டி வச்சிருக்கேன்.

அது அம்மாவோட சல்லடை. கேட்டா அப்பாதான் வெட்டுனாருன்னு சொல்லு. நேத்து பேசுனதுக்கு எனக்கு ஒரு திட்டு விழணும்.

அப்பா