வண்டிக்கு ஸ்பீக்கர் மாட்டிய வாரம்

12.6.88, ஞாயிறு

காலையிலேயே கொதிக்கும் வெயில். பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க ஒரு மரத்து நிழல் கூட எங்கள் வாசலில் விழாது. வேலை: பைக்கில் ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர். கேசட் பிளேயர் முன்பே இருக்கிறது. ஓடும்போது காற்றுச் சத்தத்தில் அது பாடுகிறதா அழுகிறதா என்றே தெரியாது.

ஏன் இந்தப் பாடு? வசந்தா பல மாதமாகப் பின்னால் ஏறுவதில்லை. கேட்டால் "போர் அடிக்குது." அவ்வளவுதான் பதில். இவ்வளவு பெரிய டூரிங் பைக், பின் சீட் சோபா மாதிரி, அம்மணிக்குப் போர். விற்றுவிட்டுப் பழைய கார் வாங்கலாமாம். அம்பாங்கில் ஒருவர் வாங்கத் தயார். அடுத்த திங்கள் பதில் சொல்ல வேண்டும்.

பேசி முடிவானது: வரும் ஞாயிறு மோரிப் கடற்கரை வரை ஒரு சவாரி. அவளுக்குப் பிடித்தால் வண்டி என்னோடு. இல்லையென்றால் அம்பாங்குக்கு. போர்தானே? பாட்டு வைத்துவிட்டால் தீர்ந்தது.

உதவிக்கு வசந்தாவின் தம்பி தாஸ். உதவி என்றால் என் ஸ்பேனரை வாங்கி எங்காவது வைத்துவிட்டு, "மச்சான், ஸ்பேனர் எங்க?" என்று என்னையே கேட்பது. சீட்டைக் கழற்றுவதற்குள் சட்டை பிழியும் அளவுக்கு நனைந்துவிட்டது.

எர்த் ஒயரை வண்டிச் சட்டத்தில் வைத்து முடுக்கப் போகிற நேரம் பார்த்து வசந்தா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"இருங்க. புது சாமான் ஏறுது, பொட்டு வைக்காம மாட்டுவாங்களா?"

ஆம்ப்ளிஃபையருக்கு ஒன்று. ஸ்பீக்கருக்கு ஒவ்வொன்று. என் கையில் இருந்த ஒயர் முனைக்கும் தாராளமாக ஒரு அப்பு. மேலே குங்குமம். வியர்வை கண்ணில் இறங்க, அசையாமல் நின்றேன். அவள் போனதும் முடுக்கினேன்.

ஸ்டார்ட் செய்தால் பாட்டோடு சேர்ந்து ஒரு ஊளை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. தாஸ் சொல்கிறான், "அது பாட்டுலயே இருக்கும் மச்சான்." கேசட்டை வெளியே எடுத்தேன். ஊளை மட்டும் தனியாகப் பாடியது.

13.6, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை, புழுக்கம்.

வேலை முடிந்து நேராகக் கிளாங், ஆம்ப்ளிஃபையர் விற்ற ஆ செங் கடை. காது வைத்துக் கேட்டார். "பாஸ், சவுண்ட் ஓகே லா. உன் மோட்டர்பைக்தான் ப்ராப்ளம்."

மேருவில் பைக் மெக்கானிக். அவரும் காது வைத்தார். "மோட்டர்பைக் தங்கக் கட்டி மாதிரி இருக்கு அண்ணே. சவுண்டு செட்டுதான் ப்ராப்ளம்."

திரும்ப ஆ செங். ஊளையைத் தடுக்கும் பில்டர் என்று ஒரு டப்பா கொடுத்தார். வழியெல்லாம் ஊளையோடு வீடு. சிக்னலில் ஒரு பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "அண்ணே, ஆம்புலன்ஸா?"

வாங்க வேண்டியவை: இன்சுலேஷன் டேப், பத்தாம் நம்பர் ஸ்பேனர் (பழையது தாஸிடம் போய்ச் சேர்ந்துவிட்டது), தலைவலி மாத்திரை.

15.6, புதன்

பில்டர் மாட்டியாயிற்று. ஊளை அப்படியே. கொஞ்சம் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

சாயங்காலம் வசந்தாவின் சித்தி வீட்டில் பூஜை, கிளாங்கில். பஸ் வரவே இல்லை. வேறு வழியில்லாமல் பைக்கில் ஏறினாள். ஃபெடரல் ஹைவே முழுக்க அந்த ஊளை. எனக்கு மானம் போனது. முன்பெல்லாம் லோரி பக்கத்தில் வந்தால் தோளில் ஒரு கிள்ளு விழும், இன்று அது இல்லை. எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைக்கிறாள் போல.

இறங்கியதும் "பரவால்ல" என்றாள். குத்தல்தான். வேறென்ன.

17.6, வெள்ளி

மாற்றிப் பார்த்தவை: பேட்டரி ஒயர், பியூஸ், ஸ்பீக்கர் ஒயர், கேசட். மாறாதது: ஊளை.

தாஸ் வந்தான். சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஊளையும் குறையும் என்று கண்டுபிடித்துச் சொன்னான். பாறாங்கல் மாதிரி மூன்று வடை தின்றுவிட்டுப் போனான். என் புது ஸ்பேனரையும் காணவில்லை.

அம்பாங்காரர் போன். "வண்டிய நல்லா வெச்சிருங்க தம்பி." இன்னும் என் வண்டிதான் ஐயா அது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

18.6, சனி

பகல் முழுக்க மழை. தகரக் கூரைக்கு அடியில் எல்லாவற்றையும் கழற்றினேன்.

கடைசியில் எர்த் போல்ட். ஒயர் முனைக்கும் சட்டத்துக்கும் நடுவே மஞ்சளாய்க் காய்ந்த பொருக்கு. சந்தனம். வாசனை கூட இன்னும் இருக்கிறது. இரும்பு இரும்பைச் சரியாகத் தொடவில்லை; இன்ஜின் ஊளை ஸ்பீக்கரில் ஏறியது அதனால்தான். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, துடைத்து, முடுக்கினேன். ஸ்டார்ட். முறுக்கு. சுத்தமான பாட்டு, ஊளை செத்தது.

உள்ளே பார்த்துக் கத்தினேன். "எல்லாம் உன் பொட்டு! ஒரு வாரமா நாயா அலைஞ்சிருக்கேன்."

வாசலுக்கு வந்து நின்றாள். "அப்ப இனிமே அந்த சத்தம் வராதா?"

"வராது."

"ஓ." உள்ளே போய்விட்டாள். மன்னிப்புக் கேட்கக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

19.6, ஞாயிறு

நல்ல வெயில், காற்று. முதலில் கோயில், அர்ச்சனை. பிறகு கிளாங் தாண்டி பந்திங் சாலை. பாட்டு துல்லியமாகக் கேட்கிறது. எனக்கு ஒரே பெருமை. முதல் லோரி வந்தது. தோளில் கிள்ளு. அடுத்த வளைவில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். பந்திங் போவதற்குள் தோல் எரிந்தது.

பஸ் நிற்கும் இடத்தில் முதுகில் தட்டினாள். நிறுத்தினேன். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"நான் பஸ்ல வரேன். நீங்க போங்க."

"பாட்டுதான் கேக்குதே! இன்னும் என்ன போர்?"

"போர்லாம் இல்ல. பயமா இருக்கு. முன்ன ஒருதரம் மேரு ரோட்டுல ஒரு லோரிய முந்துனீங்கல்ல, அதிலேர்ந்து."

"அத ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்பீங்க."

சிரித்திருப்பேன்தான்.

"புதன்கிழமை மட்டும் பயமில்லையா?"

"அன்னிக்கு அந்த சத்தம் இருந்துச்சு. அது ஏறினா நீங்க முறுக்குறீங்க, இறங்கினா விடுறீங்கன்னு தெரியும். பின்னால உக்காந்தா எனக்கு உங்க முதுகு மட்டும்தான் தெரியும். மீட்டர் தெரியுமா, ரோடு தெரியுமா? அத வெச்சுத்தான் நிம்மதியா வந்தேன். நீங்க ரிப்பேர் பண்ணிட்டீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு வாரம், ஒரு பில்டர், இரண்டு ஸ்பேனர். காப்பிக் கடை வாசலில் வண்டியைத் தள்ளி நிறுத்தி, சீட்டைக் கழற்றினேன்.

"அர்ச்சனைச் சந்தனம் இருக்கா?"

கைப்பையிலிருந்து இலைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். போல்ட்டைத் தளர்த்தி ஒயர் முனை முழுக்க அப்பினேன். கடைக்கார அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். "பூஜையா ரிப்பேரா?" என்றார். "ரெண்டும்தான்" என்றேன். அது காயும்வரை இரண்டு தே தாரிக் டீ குடித்தோம்.

ஸ்டார்ட். ஊளை, பழையபடி, பாட்டையே தின்றது. வசந்தா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். மோரிப் வரை ஒரு கிள்ளு இல்லை. ஊளை ஏறும்போதெல்லாம் நானே கையைத் தளர்த்தினேன். கடலில் கால் நனைத்தாள். இரண்டு இளநீர்.

வீடு வந்து சேர்ந்ததும் போன். அம்பாங்காரருக்கு நாளை வரை பொறுக்கவில்லை. வசந்தா எடுத்தாள்.

"இல்லீங்க அங்கிள், குடுக்கறதா இல்ல... ஸ்பீக்கரா? ஆமா, ஒரு சத்தம் வருது... ஐயோ வேணாம் அங்கிள், ரிப்பேருக்கு ஆள்லாம் அனுப்பாதீங்க. அது அப்படியே இருக்கட்டும்."